கிணத்துக்குள்ள இறங்கிற யூரியா: வலிகாமத்தில புதுசா தோட்டம் செய்யிறாக்களுக்கு

வெளியில இருந்து வந்து அப்பா, அம்மப்பாவின்ர காணியைத் திருத்தித் தோட்டம் தொடங்கினாக்களுக்கும், வேலையை விட்டிட்டு நாலைஞ்சு பரப்பு குத்தகைக்கு எடுத்தாக்களுக்கும்தான் இதை எழுதிறன். எங்கட கிணத்துத் தண்ணியில நைத்திரேற்று கூட எண்டு றிப்போட் வந்தாப்பிறகு ஆரைக் கேக்கிறது, எதைக் குறைக்கிறது, என்ன பேப்பரோட எங்க போறது எண்டு ஒண்டும் விளங்கேல்லை. ஒரு கந்தோரில நிண்டா மற்றக் கந்தோருக்குப் போ எண்டுவினம், கடையில கேட்டா இன்னொரு மூடை தருவினம், அதுதான் நடந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

முதல்ல ஒண்டு. இஞ்ச, யாழ்ப்பாணத்து வலிகாமத்தில, ஆறு குளம் நம்பிச் சீவிக்கிறதில்லை, எல்லாம் நிலத்தடித் தண்ணி. செம்மண்ணுக்குக் கீழ சுண்ணாம்புக்கல்லு, அதுக்குள்ள வெடிப்பும் குகையும். மேல விழுற மழை அதுக்குள்ளால நேர கீழ போகும். யூரியாவிலயும் எருவிலயும் இருக்கிற நைதரசன் மண்ணுக்குள்ள நைத்திரேற்றா மாறும். நைத்திரேற்றை மண் பிடிச்சு வைக்காது, தண்ணி போற இடமெல்லாம் கூடவே போகும். அதால நீங்கள் பயிருக்குக் கூடப் போட்டது ஒழுங்கையைத் தாண்டி எங்கயோ போய்த் துலையுது எண்டு நினைக்காதேங்கோ, உங்கட வாளிக்குள்ளயே திரும்பி வரும். பக்கத்து வீட்டாக்களின்ர வாளிக்குள்ளயும்தான்.

1. முதல் வேலை தண்ணியை ரெஸ்ற் பண்ணுறது

நைத்திரேற்றுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, ருசியும் தெரியாது. சுன்னாகப் பக்கம் கிணறுகளில எண்ணெய் மிதந்த பிரச்சினையைச் சனம் கண்ணால கண்டது, மணந்தும் பாத்தது, அதால சனம் றோட்டில இறங்கினது. இதுக்கு அப்பிடி ஒண்டும் நடக்காது. ஆய்வுகூடம்தான் சொல்லோணும்.

தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின்ர யாழ்ப்பாண அலுவலகத்தில விசாரியுங்கோ. போக முதல் போன் எடுத்து மூண்டு விசயம் கேளுங்கோ: எந்தெந்த நாளில தண்ணி மாதிரி எடுப்பினம், போத்தல் அவை தருவினமா நாங்கள் கொண்டுபோறதா, நைத்திரேற்றுக்கு மட்டும் எவ்வளவு. இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். சும்மா "தண்ணி ரெஸ்ற் பண்ணோணும்" எண்டு சொன்னா முழுப் பட்டியலுக்கும் காசு கட்ட வரும். உங்களுக்கு முதல் தேவை நைத்திரேற்று, நைத்திரைற்று, மின்கடத்துதிறன் மூண்டும்தான் (கடைசியது உப்புத்தன்மை பாக்க). குடிக்கிற கிணறு எண்டா கிருமி ரெஸ்றையும் சேருங்கோ, ஆனா அதுக்குத் தொற்றுநீக்கின போத்தல் அவையிட்டத்தான் வாங்கோணும், வீட்டுப் போத்தல் சரிவராது.

மாதிரி எடுக்கிற விதம்: காலமை கொஞ்ச நேரம் மோட்டரைப் போட்டுப் பைப்புக்குள்ள கிடந்த பழைய தண்ணியை ஓட விடுங்கோ. சோடாப் போத்தல் வேண்டாம், பூச்சிமருந்துப் போத்தல் கழுவி எடுக்கிறதை நினைச்சும் பாக்காதேங்கோ. புதுத் தண்ணிப் போத்தலை அதே கிணத்துத் தண்ணியால மூண்டுதரம் அலசி, விளிம்பு மட்டும் நிரப்பி மூடி, வெளியில கிணத்தின்ர அடையாளம், திகதி, நேரம் எழுதுங்கோ. ஐஸ் பையோட அண்டைக்கே குடுத்திடுங்கோ. வெயிலுக்க மோட்டச்சைக்கிள் பெட்டியில வைச்சு நாலு அலுவல் முடிச்சு மத்தியானம் கொண்டுபோனா அந்த றிப்போட்டை நம்பேலாது. தோட்டக் கிணறும் வீட்டுக் கிணறும் வேற எண்டா ரெண்டிலையும் எடுங்கோ.

எப்ப எடுக்கிறது? ஏலுமெண்டா ரெண்டு தரம். புரட்டாதியில மழைக்கு முதல் ஒண்டு, ஐப்பசி கார்த்திகை மழை முடிஞ்சு தையில ஒண்டு. கோடை முழுக்க மண்ணில மிஞ்சிக் கிடந்ததெல்லாம் அந்த மழையோடதான் இறங்கும், ரெண்டையும் ஒப்பிட்டாத்தான் உங்கட காணியின்ர குணம் தெரியும்.

2. றிப்போட்டை வாசிக்கேக்க இருக்கிற பொறி

இலங்கைத் தரமும் உலக சுகாதார நிறுவனத்தின்ர அளவும் நைத்திரேற்றா எண்ணினா லீற்றருக்கு 50 மில்லிகிராம். ஆனா சில ஆய்வுகூடம் "நைத்திரேற்று நைதரசன்" எண்டு எழுதித் தரும். அப்பிடி எண்ணினா அதே எல்லை கிட்டத்தட்ட 11. உங்கட றிப்போட்டில 15 எண்டு இருக்கு, "அட 50க்கு எவ்வளவு கீழ" எண்டு சந்தோசப்பட்டுக்கொண்டு வீட்ட வந்தா, அது நைதரசன் கணக்கு எண்டா உண்மையில 66. பெருக்கிற எண் 4.43. எந்தக் கணக்கு எண்டு அங்கயே கேட்டு றிப்போட்டில பேனையால எழுதிக்கொண்டு வாங்கோ, பேந்து கேக்க ஆளைப் பிடிக்கேலாது.

3. 50க்கு மேல எண்டா, தோட்டத்தை விடுங்கோ, முதல் குசினிக்குப் போங்கோ

ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு அந்தத் தண்ணியில மாப்பால் கரைச்சுக் குடுக்காதேங்கோ. உடம்புக்குள்ள நைத்திரேற்று நைத்திரைற்றா மாறி இரத்தம் ஒட்சிசன் கொண்டுபோறதைக் கெடுக்கும், பிள்ளை நீலம் பாரிக்கும். கர்ப்பிணிகளுக்கும் வேற தண்ணி எடுங்கோ.

எங்கட ஆக்கள் எல்லாரும் விடுற பிழை என்னெண்டா "கொதிக்க வைச்சாச் சரி" எண்டிறது. கொதிக்க வைச்சா கிருமி சாகும், நைத்திரேற்று போகாது, தண்ணி ஆவியாகப் போக மிச்சத்தில அது கூடத்தான் செய்யும். குளோரினும் ஒண்டும் செய்யாது, கரி பில்டரும் செய்யாது. ஆர்.ஓ. மெசின் (மெல்லிய சவ்வால தண்ணியை வடிக்கிறது) குறைக்கும், ஆனா அது ஒதுக்கி விடுற கழிவுத் தண்ணியில நைத்திரேற்று செறிஞ்சிருக்கும், அந்தப் பைப்பைக் கிணத்தடியில விட்டா வேலை வீண். குழாய்த் தண்ணி வாற இடம் எண்டா குடிக்க அதை எடுங்கோ. உங்கட பகுதி பி.எச்.ஐ.க்கு (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) றிப்போட்டின்ர ஒரு பிரதி குடுங்கோ, அப்பிடியே மலசலகூடக் குழி கிணத்துக்கு எவ்வளவு தூரம் எண்டும் பாக்கச் சொல்லுங்கோ. எல்லாத்தையும் பசளையின்ர தலையில போடேலாது, குழியாலையும் நைத்திரேற்று இறங்கும். கிருமியும் சேர்ந்து வந்திருந்தா குழியிலதான் முதல் சந்தேகம்.

4. கமநல சேவை நிலையம், பேப்பர்கள், மண் ரெஸ்ற்

உங்கட பகுதிக் கமநல சேவை நிலையத்தில கமக்காரரா பதிஞ்சிருக்கிறியளா எண்டு முதல் பாருங்கோ. பதியாட்டி மானியம், தூவல் (ஸ்பிரிங்ளர்) செற், பயிற்சி வகுப்பு எது வந்தாலும் உங்கட பேர் பட்டியலில வராது. ஒரு பைலுக்குள்ள இவ்வளவும் போடுங்கோ: அடையாள அட்டைப் பிரதி, உறுதிப் பிரதி (குத்தகை எண்டா எழுத்தில ஒப்பந்தம்), விதானையாரிட்ட (கிராம அலுவலர்) வதிவிட உறுதிப்படுத்தல் கடிதம், வங்கிப் புத்தகத்தின்ர முதல் பக்கம், தண்ணி றிப்போட். ஒவ்வொண்டிலையும் ரெண்டு மூண்டு பிரதி. காணி வெளிநாட்டில இருக்கிற சொந்தக்காரரின்ர பேரில எண்டா இப்பவே ஒரு கடிதம் எடுத்து வையுங்கோ. இந்த இடத்திலதான் கனபேரின்ர அலுவல் மாதக் கணக்கா நிக்கிறது. வாய்க் குத்தகை இஞ்ச பெரிய வழக்கம், "மாமா சொன்னவர்" எண்டது கந்தோரில எடுபடாது.

அங்கயே விவசாயப் போதனாசிரியரைச் சந்தியுங்கோ. அவை வெளிக்களத்துக்குப் போற நாளும் கந்தோரில இருக்கிற நாளும் வேற, கேட்டுப்போட்டுப் போங்கோ. உங்கட பயிருக்கு விவசாயத் திணைக்களத்தின்ர பசளைச் சிபாரிசை எழுத்தில வாங்குங்கோ. மண் ரெஸ்ற் எங்க குடுக்கிறது, எவ்வளவு எண்டும் அவையிட்டயே கேளுங்கோ.

மண் எடுக்கிறது லேசு. அடுத்த பயிருக்குப் பண்படுத்த முதல், காணியில வளைஞ்சு வளைஞ்சு நடந்து எட்டுப் பத்து இடத்தில, மேல் சருகை விலக்கிப்போட்டு ஆறு அங்குல ஆழத்துக்கு எடுங்கோ. பிளாஸ்ரிக் வாளியில கலந்து, அதில அரைக் கிலோ நிழலில காய வையுங்கோ. எருக் கும்பி இருந்த இடம், மூடை கொட்டின இடம், வரம்பு, வேலிக்கரை வேண்டாம். பசளை போட்ட கையோட எடுக்கவும் வேண்டாம். றிப்போட் வர நாள் எடுக்கும், அதால வெங்காயம் நட நாள் பாத்தாப்பிறகு ஓடாதேங்கோ.

5. கணக்குப் போடுறது (இதிலதான் காசு மிஞ்சிறது)

எனக்கு இதுதான் முழு விசயத்திலையும் பெரிசு, மிச்சம் எல்லாம் பிறகு.

சிபாரிசு வாறது ஹெக்டயருக்கு. நாங்கள் செய்யிறது பரப்புக் கணக்கில. தோட்டக் காணியில 16 பரப்பு ஒரு ஏக்கர், ஒரு ஹெக்டயர் எண்டா கிட்டத்தட்ட 40 பரப்பு. கனபேர் ஹெக்டயர்க் கணக்கை ஏக்கர் எண்டு நினைச்சுப் போடுறது, அதோட கிட்டத்தட்ட ரெண்டரை மடங்காப் போயிடும். கணக்குக்காக, யூரியா ஹெக்டயருக்கு 100 கிலோ எண்டு எழுதியிருந்தா பரப்புக்கு ரெண்டரைக் கிலோ. நாலு பரப்புக்கு 10 கிலோ. அவ்வளவுதான். மூடையைப் பிரிச்சா முடிக்கோணும் எண்ட எண்ணத்தை விடுங்கோ. சிபாரிசில "இத்தனை கிலோ நைதரசன்" எண்டு இருந்தா அது வேற கணக்கு. யூரியாவில 46 வீதம் நைதரசன், அதால 50 கிலோ மூடைக்குள்ள 23 கிலோதான் நைதரசன்.

இனி கழிக்க வேண்டிய கணக்கு. உங்கட கிணத்துத் தண்ணியிலயே பசளை இருக்கு. நைத்திரேற்று 50 இருக்கிற தண்ணி ஒரு லட்சம் லீற்றர் இறைச்சா ரெண்டரைக் கிலோ யூரியாவில இருக்கிற அளவு நைதரசன் பாத்திக்குள்ள போகுது. 100 இருந்தா ஐஞ்சு கிலோ. ஒரு லட்சம் எண்ட உடன பயப்பிடாதேங்கோ, 200 லீற்றர் பரலை வைச்சு உங்கட பம் நிரப்ப எவ்வளவு நேரம் எடுக்குது எண்டு போனில பாருங்கோ. 50 செக்கன் எண்டா மணித்தியாலத்துக்கு 14,400 லீற்றர், ஏழு மணித்தியால இறைப்பில லட்சம் வந்திடும். ஒரு போகத்துக்கு எத்தினை மணித்தியாலம் இறைக்கிறியள் எண்டு மண்ணெண்ணெய்க் கணக்கை வைச்சே பிடிக்கலாம். அந்த நைதரசன் எல்லாத்தையும் பயிர் எடுக்காது, கொஞ்சம் திரும்பக் கீழ போகும். முதல் போகத்தில வாற கணக்கின்ர பாதியை மட்டும் யூரியாவில குறைச்சுப் பாருங்கோ. பயம் எண்டா ரெண்டு பாத்தியில மட்டும் குறைச்சு, பக்கத்துப் பாத்தியில வழமை மாதிரிப் போட்டு, கிண்டேக்க ரெண்டையும் தனித்தனியா நிறுங்கோ. பக்கத்துக் காணி அண்ணை "ஒரு பிடி கூடப் போட்டா என்ன தம்பி குறையப்போகுது" எண்டுவார், அவருக்கு வாயால விளங்கப்படுத்தேலாது, தராசில காட்டலாம். வெங்காயத்துக்கு நைதரசன் கூடினா தாள் செழிக்கும், காய் நிண்டு பிடிக்காது, கட்டி வைச்சா கெதியா அழுகும்.

எரு போட்டா அதையும் கழியுங்கோ. கோழி எருவில மாட்டெருவை விட நைதரசன் கனக்க. குழை தாழ்த்தா, சணல் விதைச்சு உழுதா அதுவும் நைதரசன்தான். சணலையும் உழுது முழு யூரியாவையும் போடுறது ஒரே சாப்பாட்டுக்கு ரெண்டு தரம் காசு குடுக்கிற மாதிரி.

பிடிக்கணக்கை விட்டிட்டு, ஒரு பால்மா ரின்னில யூரியா நிரப்பி ஒருக்கா நிறுத்து ரின்னிலயே எழுதி வையுங்கோ. ஆர் போட்டாலும் ஒரே அளவு போகும்.

6. எப்ப, எப்பிடிப் போடுறது

ஒரேயடியாப் போடாம, சிபாரிசில சொன்ன மாதிரிப் பங்கு பங்காப் போடுங்கோ. சின்னப் பயிருக்கு வேர் இல்லை, அந்த நேரம் கொட்டினா எடுக்க ஆளில்லாம நேர கீழ போகும்.

மழை இருட்டிக்கொண்டு வரேக்க "மழையோட கரையட்டும்" எண்டு போடுறவை இருக்கினம். தூறல் எண்டாப் பரவாயில்லை, கார்த்திகை மழைக்கு அது வேலைக்காகாது, கரைஞ்சு கிணத்துக்குத்தான் போகும். வானிலை பாத்து, அடுத்த ரெண்டு மூண்டு நாளில பெருமழை இல்லாத நேரம் போடுங்கோ. மேல தூவிப்போட்டு வெயிலில விடவும் வேண்டாம், எங்கட சுண்ணாம்பு மண்ணில யூரியா அமோனியாவா ஆவியாப் போகும். வரிசைக்குப் பக்கத்தில கீறிப் போட்டு மண்ணால மூடி, மெல்லிசாத் தண்ணி விடுங்கோ. போட்ட கையோட பாத்தி முட்ட இறைச்சா யூரியா மாறமுதலே அப்பிடியே கீழ இறங்கிடும்.

7. இறைப்பு

பசளையைக் குறைச்சும் தண்ணியைக் குறைக்காட்டி பாதி வேலைதான். இதுக்கு மண்வெட்டி ஒண்டு போதும், ஒரு சதமும் செலவில்லை. இறைச்ச அடுத்தநாள் காலமை பாத்தியின்ர ஒரு மூலையில ஒண்டரை அடிக்குத் தோண்டி மண்ணைக் கையால பிடிச்சுப் பாருங்கோ. வெங்காயத்தின்ர வேர் கூடுதலா மேல் ஒரு அடிக்குள்ளதான் நிக்கும். அதுக்குக் கீழயும் மண் சொதசொதவெண்டு உருண்டை பிடிச்சா, நீங்கள் வெங்காயத்துக்கு இறைக்கேல்லை, கல்லுக்கு இறைச்சிருக்கிறியள். அடுத்த முறை நேரத்தைக் குறைச்சு திரும்பத் தோண்டிப் பாருங்கோ. வாய்க்காலின்ர தலைப்பாத்தி எப்பவும் கூடக் குடிக்கும், கடைசிப் பாத்தி காயும், அதால ரெண்டு இடத்திலையும் பாக்கோணும்.

காசு போடுறதெண்டா: வெங்காயத்துக்குத் தூவல், மிளகாய், கத்தரி, வாழை, பப்பாசிக்குச் சொட்டு. நெருக்கி நடுற வெங்காயத்துக்குச் சொட்டுப் பைப் போட்டா மீற்றர்க் கணக்கில செலவு எகிறும். குறைஞ்சது ரெண்டு கடையில எழுத்தில விலை எடுங்கோ, மானியம் வந்தா அந்தப் பேப்பரைத்தான் கேப்பினம். பில்டர் விலைக்குள்ள சேருதா எண்டு கேளுங்கோ, சில இடத்தில அதைத் தனியா எழுதுவினம். எங்கட தண்ணியில சுண்ணாம்பு கூட, சொட்டு வாற ஓட்டை அடைச்சுப்போகும். பைப்பின்ர கடைசி மூடியைக் கிழமைக்கு ஒருக்காத் திறந்து கழுவி விடாட்டி ஒரு கோடையோட துலைஞ்சுது. பைப்பாலயே பசளை விடுறதெண்டா தண்ணி பின்னுக்குத் திரும்பாம இருக்கிற வால்வு கட்டாயம், இல்லாட்டி மோட்டர் நிக்கிற நேரம் பசளைத் தண்ணி நேர கிணத்துக்குள்ள.

8. எருக் கும்பி

எரு இயற்கைதானே எண்டு கிணத்தடியில கொட்டுறது. மழையில அதில இருந்து வழியிற மண்ணிறத் தண்ணியும் அதே வேலையைத்தான் செய்யும். கிணத்துக்குத் தூரமா, மேடான இடத்தில, சீமெந்து நிலமோ தடிச்ச பொலித்தீனோ போட்டுக் குவிச்சு கிடுகாலையோ தறப்பாளாலையோ மூடுங்கோ. கிடங்கு வெட்டித் தாக்கிறதெண்டா யோசியுங்கோ, செம்மண் தடிப்பில்லாத இடத்தில நாலடி வெட்டினாலே கல்லு வந்திடும். மாரி வர முதல் லொறியில எரு இறக்கி வைக்கிற பழக்கம் இருக்கு, அந்த நேரம் விலை குறைவு எண்டு. மூட வசதி இல்லாட்டி இறக்காதேங்கோ.

9. மருந்தும் பாழ் கிணறும்

மருந்து கலக்கிறது கிணத்தடியில வேண்டாம். தண்ணியை வாளியில கொண்டுபோய்த் தோட்டத்துக்குள்ள கலவுங்கோ. மோட்டர்க் குழாயை மருந்தடிக்கிற மெசினுக்குள்ள தாழ்த்துப் பிடிக்காதேங்கோ. லேபிளில இருக்கிற அளவுக்கு மேல ஒரு மூடி கூட வேண்டாம், கடைக்காரர் ரெண்டு மருந்தைக் கலந்து அடி எண்டு சொன்னா அதை லேபிளில காட்டச் சொல்லுங்கோ. லேபிள் இல்லாத, உதிரியா ஊத்தித் தாற மருந்து வாங்கவே வேண்டாம். போத்தல் முடிஞ்சா மூண்டுதரம் அலசி அந்தத் தண்ணியையும் மெசினுக்குள்ளயே ஊத்தி அடிச்சு, போத்தலை ஓட்டை போட்டு ஒரு பையில பூட்டி வையுங்கோ. எரிக்காதேங்கோ. சேக்கிற ஒழுங்கு ஏதும் இருக்கா எண்டு போதனாசிரியரிட்டக் கேளுங்கோ.

எல்லாத்தையும் விட மோசம் பாழ் கிணறு. திரும்பி வந்த கனபேரின்ர காணியில கட்டு உடைஞ்ச ஒரு கிணறு கிடக்கும், அதுக்குள்ள மருந்துப் போத்தல், பொலித்தீன், செத்த கோழி, எல்லாம். மேல போட்டதை மண் கொஞ்சமெண்டாலும் வடிக்கும், இதில போடுறது எல்லாரும் குடிக்கிற தண்ணிக்குள்ள நேரயே போடுறது. துப்புரவாக்கி, கட்டு எழுப்பி, வலை போட்டு மூடுங்கோ. பாவிக்கிற தோட்டக் கிணத்துக்கும் கட்டு இல்லாட்டி ரெண்டு மூண்டு வரிசை கல்லு வைச்சு, வாய்க்கால் தண்ணி திரும்பி உள்ள விழாம வெளிப்பக்கம் சரிவு எடுங்கோ. எங்களுக்கு மேசனோட ஒரு நாள் வேலை.

10. போகம் முடிய

வெங்காயம் கிண்டின காணியை மாரிக்கு வெறுமையா விடாதேங்கோ. மண்ணில மிஞ்சின நைதரசனைப் பிடிக்க ஏதாவது நிக்கோணும். குரக்கனோ சோளமோ முதல் மழையோட விதைச்சா அது எடுத்துக்கொள்ளும், ஆடு மாட்டுக்கும் ஆகும்.

ஒரு சின்னக் கொப்பியில திகதி, பயிர், எத்தினை ரின் யூரியா, எத்தினை மணித்தியால இறைப்பு, எத்தினை கிலோ கிண்டினது எண்டு எழுதுங்கோ. அடுத்த தையில அதே கிணத்தில, அதே மாதிரி, அதே ஆய்வுகூடத்தில ரெஸ்ற் பண்ணுங்கோ. எண் உடன விழாட்டி மனம் விடாதேங்கோ, கீழ இருக்கிறது உங்கட தண்ணி மட்டுமில்லை, சுத்திவர இருக்கிற தோட்டங்களில இருந்து இறங்கினதும் அதுக்குள்ளதான் இருக்கு. யூரியாக் காசு மட்டும் முதல் போகத்திலயே குறையும். கமக்காரர் அமைப்புக் கூட்டத்துக்குப் போகேக்க அந்தக் கொப்பியையும் ரெண்டு றிப்போட்டையும் கொண்டுபோங்கோ. ஒழுங்கையில நாலைஞ்சு பேர் சேர்ந்தா, எல்லாரின்ர தண்ணிப் போத்தலையும் ஒரே ஓட்டோவில ஏத்திக்கொண்டு போகலாம்.